‘சினிஸ்டர்’ என்றால் இடது, அதனால் என் மகள் கையை மாற்ற வேண்டுமா?

பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு, ஒரு தாயின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 5 வயது. பந்து எறிவது, பல் துலக்குவது, படம் வரைவது எல்லாம் இடது கையால்தான். இதுவரை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்துப் பயிற்சி தொடங்கியதும், “இப்போதே மாற்றிவிட்டால் நல்லது, பிறகு கஷ்டம்” என்று வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான மாமனார் அகராதியை எடுத்துக் காட்டியிருக்கிறார்: ‘சினிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தீமை நிறைந்தது, கேடு விளைவிப்பது என்று பொருள், அதன் லத்தீன் மூலத்துக்கு ‘இடது’ என்று பொருள். “வெள்ளைக்காரனே அன்றைக்குக் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறான்” என்பது அவர் வாதம். கணவர் பாதி நம்புகிறார். இரண்டு வாரமாக எழுதும் நேரத்தில் குழந்தையின் இடது கையைக் கைக்குட்டையால் நாற்காலியோடு கட்டுகிறார்கள். அவள் இப்போது படம் வரைவதையே நிறுத்திவிட்டாள். யாராவது பார்த்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். இடக்கைக்காரர்களுக்கு ஆயுள் குறைவு என்றும், அவர்கள் மேதைகள் என்றும் இணையத்தில் இரண்டையும் படித்துக் குழம்பியிருக்கிறார் தாய். கையை மாற்றினால் திக்குவாய் வருமோ என்ற பயமும் அவருக்கு உண்டு. கடைசியில் ஒரு வரி: “சின்னவனும் அக்காவைப் போலத்தான் வருவான் போலிருக்கிறது. 10 மாதம்தான் ஆகிறது, எதைக் கொடுத்தாலும் இடது கையாலேயே வாங்குகிறான், வலது கையை மூடியே வைத்திருக்கிறான்.”

அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காத அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் தம்பியின் கை

மகளின் இடது கையும் மகனின் இடது கையும் ஒரே விஷயம் அல்ல. ஒரு வயதுக்குள் குழந்தைகள் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்துவார்கள். பொருள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தக் கை நீளும். எந்தக் கை ஓங்கியது என்பது இரண்டு வயதுக்கு மேல் மெல்லத் தெளிவாகி, நான்கைந்து வயதில்தான் உறுதிப்படும். 10 மாதத்தில் ஒரே கை மட்டும் வேலை செய்கிறது என்றால், ‘இவன் இடக்கைக்காரன்’ என்று மருத்துவர் நினைப்பதில்லை. ‘வலது கைக்கு என்ன ஆயிற்று?’ என்றுதான் கேட்பார். அந்தக் கை மூடியே இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கேள்வியை இன்னும் முக்கியமாக்குகிறது.

காரணங்கள் பல. பிறக்கும் சமயத்தில் மூளையின் இடது பாதியில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்தால், உடலின் வலது பக்கம் இறுக்கமாகவும் பலவீனமாகவும் இருக்கும். பல வீடுகளில் இது பிறந்தவுடன் தெரிவதில்லை. குழந்தை பொருள்களை எட்டிப் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான், ‘ஒரு கையையே நீட்டுகிறான்’ என்று கண்ணில் படும். பிரசவத்தின்போது தோள்பட்டை நரம்புகள் இழுபட்டிருந்தாலும் ஒரு கை சும்மா இருக்கும். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், காத்திருந்து பார்த்துச் சொல்லக் கூடாது.

இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். போவதற்கு முன் கைப்பேசியில் இரண்டு நிமிடக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள்: அவன் வலது பக்கம் பொம்மையை நீட்டும்போது என்ன செய்கிறான், இடது கையை நீங்கள் மென்மையாகச் சில நொடிகள் பிடித்துக்கொண்டால் வலது கை வருகிறதா, தவழும்போது ஒரு காலை இழுக்கிறானா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கிறதா. மருத்துவமனை அறையில் குழந்தை அழுதால் எதையும் பார்க்க முடியாது. அந்தக் காணொளி மருத்துவருக்கு நிறையச் சொல்லும். தேவைப்பட்டால் அவர் குழந்தை நரம்பியல் நிபுணரிடம் அனுப்பி, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். இடையில் வலிப்போ, ஒரு பக்கம் மட்டும் துடிப்போ, கை திடீரெனத் துவண்டுபோவதோ நேர்ந்தால், வாரக் கணக்கு வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இது பலவீனம்தான் என்று உறுதியானால், முதல் இரண்டு ஆண்டுகளில் தரும் பயிற்சிக்குப் பலன் அதிகம். நல்ல கைக்கு மெல்லிய உறை மாட்டி, பலவீனமான கையை விளையாட்டின் வழியே வேலை செய்யவைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. கைக்குழந்தைகளுக்கான ஒரு முறையில் நாளுக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், 6 வாரம் செய்து, 6 வாரம் இடைவெளி விட்டு, மறுபடி 6 வாரம் செய்வார்கள். இது நிபுணர் மேற்பார்வையில் நடப்பது. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மகனின் கையைக் கட்டிவிடாதீர்கள். மகளின் கையைக் கட்டுவதற்கும் இதை நியாயமாகக் காட்ட முடியாது. அவளுடைய இரண்டு கைகளும் நன்றாக இருக்கின்றன.

சொல் எங்கே திரும்பியது

உங்கள் மாமனார் சொன்னதில் பாதி சரி. லத்தீனில் ‘சினிஸ்டர்’ என்றால் இடது, ‘டெக்ஸ்டர்’ என்றால் வலது. ஆங்கிலத்தில் முதல் சொல் தீய நோக்கத்தையும், இரண்டாவதிலிருந்து வந்த ‘டெக்ஸ்டெரிட்டி’ கைத்திறனையும் குறிக்கின்றன. இதுவரை அவரோடு எனக்கு வழக்கு இல்லை. ‘இடது தீயது என்று கண்டறிந்ததால் அந்தப் பெயர் வந்தது’ என்கிறாரே, அங்கேதான் பிசகு. அந்தச் சொல் முதலில் வெறும் திசைச் சொல். ரோமானியர்களிடம் அது ஒரு காலத்தில் நற்குறியாகவே இருந்தது.

ரோமில் அரசு காரியம் எதையும் தொடங்குமுன், பறவைகள் எந்தப் பக்கம் பறக்கின்றன, இடி எந்தப் பக்கம் இடிக்கிறது என்று பார்த்துச் சொல்ல அதிகாரபூர்வக் குறிகாரர்கள் இருந்தார்கள். அவர்கள் தெற்கு நோக்கி நின்று பார்த்தார்கள் என்பது மரபான விளக்கம். தெற்கு நோக்கி நின்றால் சூரியன் எழும் கிழக்கு இடப்பக்கம் வரும். ஆகவே இடப்பக்கத்துக் குறி நல்ல குறி. கிரேக்கர்கள் வடக்கு நோக்கி நின்றார்கள்; அவர்களுக்குக் கிழக்கு வலப்பக்கம், இடப்பக்கம் மேற்கு. ஆகவே இடது ஆகாதது. இருவரும் கிழக்கைத்தான் நல்லதென்றார்கள். முகம் திரும்பிய திசைதான் வேறு. கி.மு. 44இல் குறி பார்த்தலைப் பற்றி எழுதிய ரோமானிய அறிஞர் சிசரோவே இந்த முரணைக் குறிப்பிடுகிறார்: நமக்கு இடது நல்லதாகத் தோன்றுகிறது, கிரேக்கர்களுக்கும் அயலாருக்கும் வலது நல்லதாகத் தோன்றுகிறது என்று. அவர் இதைக் குறியின் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரே வானத்தைப் பார்த்து இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் குறிக்கு என்ன மதிப்பு என்று கேட்பதற்காகச் சொன்னார்.

பிறகு கிரேக்க இலக்கியத்தின் செல்வாக்கு ரோமில் ஓங்கியது. கவிஞர்கள் கிரேக்க வழக்கைப் பின்பற்றி ‘சினிஸ்டர்’ என்ற சொல்லை அபசகுனத்துக்கும் பயன்படுத்தினார்கள். ஆக, ஒரே சொல் கொஞ்ச காலம் இரண்டு எதிர்ப் பொருள்களையும் சுமந்துகொண்டு திரிந்தது. கிறித்துவம் பரவியபோது, மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்புக் காட்சி, செம்மறியாடுகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம், தண்டனை இடப்பக்கத்தாருக்கு என்ற காட்சி, அந்த எதிர்மறைப் பக்கத்தை இறுக்கியிருக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. வந்தபோதே ‘கெட்ட எண்ணத்தோடு சொல்லப்பட்ட, ஏமாற்றும் நோக்கமுள்ள’ என்ற பொருளோடுதான் வந்தது. ‘இடது’ என்ற பொருள் ஆங்கிலத்தில் தனித் துறைகளில் மட்டும் ஒதுங்கிக்கொண்டது. குலச் சின்னக் கேடயங்களை வருணிக்கும் கலையில் இன்றும் கேடயத்தின் ஒரு பக்கம் டெக்ஸ்டர், மறுபக்கம் சினிஸ்டர். அதுவும் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் இடது. பார்க்கிற நமக்கு அது வலது. நத்தை ஓடு இடப்பக்கமாகச் சுருண்டிருந்தால் விலங்கியலார் அதை ‘சினிஸ்ட்ரல்’ என்பார்கள். 2016இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெரமி என்று பெயரிட்ட அப்படியொரு அரிய தோட்ட நத்தைக்கு, அதே போலச் சுருண்ட துணை வேண்டும் என்று உலகத்திடமே கேட்டார்கள். மகளுக்குச் சொல்ல நல்ல கதை. கண் மருத்துவச் சீட்டுகளில் ‘ஓ.எஸ்.’ என்று எழுதினால் அது ‘ஓகுலஸ் சினிஸ்டர்’ என்பதன் சுருக்கம், அதாவது இடது கண். மாமனாரின் கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அவருடைய இடது கண்ணும் சினிஸ்டர்தான். அதைக் கட்டச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இடது மீதான அச்சம் ரோமர்களோடு தொடங்கியதும் அல்ல, ஆங்கிலத்தோடு முடிந்ததும் அல்ல. கிரேக்கத்தில் இடதுக்கு ‘அரிஸ்டெரோஸ்’ என்று பெயர். ‘மிகச் சிறந்தது’ என்ற சொல்லோடு உறவுடையது. இன்னொரு பெயருக்கு ‘நல்ல பெயருடையது’ என்றே பொருள். அஞ்சுகிற ஒன்றை நல்ல பெயரிட்டுச் சொல்லும் இந்த உத்தியை நம் இலக்கணம் மங்கலம் என்கிறது. ஆங்கிலத்தின் ‘லெஃப்ட்’ என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் பலவீனமான, பயனற்ற என்ற பொருள் இருந்தது. வாதநோய்க்கான பழைய சொல்லில் அது இருக்கிறது. இரு கைகளிலும் திறன் உள்ளவரைக் குறிக்கும் ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்’ என்பதன் நேர்ப்பொருள் ‘இரண்டும் வலது’. தமிழிலும் வலம் என்பதற்கு வலிமை, வெற்றி என்ற பொருள்கள் உண்டு.

இத்தனை மொழிகள் ஒரே பக்கம் சாய்வதற்குக் காரணம், பேசியவர்களில் பத்தில் ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள் என்பதுதான். பெரும்பான்மை தன் கைக்கு நல்ல சொல்லை எடுத்துக்கொண்டது. மீதிக் கைக்கு மிச்சம் கிடைத்தது. இதிலிருந்து மக்கள்தொகையைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளலாம், உங்கள் மகளின் குணத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

கையை மாற்றலாமா?

மாற்ற முடியும். கட்டாயப்படுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் வலது கையால் எழுதக் கற்றுக்கொள்வார்கள். 1900ஐ ஒட்டி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் இடது கையால் எழுதினார்கள். வற்புறுத்தல் குறையக் குறைய அது பத்து வரை உயர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. அந்த வித்தியாசம் பெரும்பாலும் மாற்றப்பட்ட கைகள்.

ஆனால் மாறுவது எழுதும் கைதான், மூளையின் அமைப்பு அல்ல. சிறு வயதில் மாற்றப்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு மூளைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், வலது கையால் எழுதும்போதும் அசைவைத் திட்டமிடும் சில பகுதிகள் இடக்கைக்காரர்களுக்கு உரிய விதத்திலேயே இயங்கின. ‘இடது கைப் பழக்கம்’ என்று நாம் சொல்வதால் இது ஏதோ ஒட்டிக்கொண்ட வழக்கம் என்று தோன்றுகிறது. கருவிலேயே எந்தக் கையின் கட்டைவிரலைச் சூப்புகிறது என்பதில் சாய்வு தெரிவதை 1990களின் தொடக்கத்திலேயே ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒற்றை ‘இடக்கை மரபணு’ கிடையாது, சிறுசிறு தாக்கமுள்ள பல சேர்கின்றன. பெற்றோர் இருவரும் வலக்கைக்காரர்களாக இருந்தாலும் பத்தில் ஒரு குழந்தை இடக்கையாகப் பிறக்கலாம். ஆகவே ‘எங்கள் வம்சத்தில் இல்லையே’ என்பதும் காரணமாகாது.

கையை மாற்றினால் திக்குவாய் வரும் என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். சிறு வயதில் கை மாற்றப்பட்டு, திக்கிப் பேசிய இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னரை உதாரணமாகச் சொல்வார்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. பின்னர் வந்த ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. எனக்கு அந்தப் பயம் தேவைப்படவில்லை. உங்கள் கடிதத்திலேயே போதிய சேதம் இருக்கிறது: வரைந்துகொண்டிருந்த பெண் வரைவதை நிறுத்திவிட்டாள், கையை மறைக்கிறாள். எழுத்தைக் கற்கும் வயதில் எழுத்தின் வடிவம், ஒலி, கையசைவு மூன்றையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும். அதில் தளர்ந்த கையையும் சேர்த்தால் வேகம் குறையும், கை வலிக்கும், ‘எனக்கு வராது’ என்ற எண்ணம் படியும். கிடைக்கும் லாபம் என்ன என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கைக்குட்டையை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

ஆயுள் பற்றி: அந்தச் செய்தி 1991இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்வுக் கடிதத்திலிருந்து வந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவில் இறந்த சுமார் ஆயிரம் பேரின் உறவினர்களிடம் கேட்டு, இடக்கைக்காரர்கள் சராசரியாக 66 வயதிலும் வலக்கைக்காரர்கள் 75 வயதிலும் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். தவறு எங்கே? அன்றைக்கு எண்பது வயதில் இறந்தவர்கள் கையை மாற்றவைத்த காலத்தில் பிறந்தவர்கள். இடக்கையாகப் பிறந்தும் வலக்கைக்காரர்களாகவே கணக்கில் வந்தார்கள். இளைய தலைமுறையில்தான் இடக்கைக்காரர்கள் வெளிப்படையாக இருந்தார்கள். இளையவர்கள் இறந்தால் இளம் வயதில்தானே இறப்பார்கள். ஆயுள் குறைந்ததாகத் தெரிந்தது இந்தக் கணக்குக் கோளாறால்தான். மேதைக் கதையும் இப்படித்தான். லியானார்டோ டாவின்சி இடக்கைக்காரர் என்பது உண்மை. அதனால் உங்கள் மகள் ஓவியராக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அவள்மேல் ஒரு பாரம்தான்.

எழுத உட்காரும்போது

கையை விட்டுவிட்டால் மட்டும் போதாது, இடது கையால் எழுதச் சொல்லித்தர வேண்டும். யாரும் சொல்லித்தராததால்தான் பல இடக்கைக் குழந்தைகள் மணிக்கட்டைக் கொக்கிபோல வளைத்து, வரிக்கு மேலிருந்து எழுதப் பழகிவிடுகிறார்கள். இடமிருந்து வலமாகப் போகும் எழுத்தில் வலக்கை பென்சிலை இழுத்துக்கொண்டு போகும், இடக்கை தள்ளிக்கொண்டு போகும். எழுதியதைத் தன் கையே மறைக்கும், அழிக்கும். அதைத் தவிர்க்கத்தான் அந்த வளைவு. ஒருமுறை படிந்தால் மாற்றுவது கடினம்.

தாளை உடலின் நடுவில் வைக்காமல் சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். தாளின் மேல் இடது மூலை உயரும்படி 30 முதல் 45 பாகை வரை வலப்புறமாகச் சாய்த்து வையுங்கள். கீழ் வலது மூலை வயிற்றைப் பார்த்திருக்கும். வலது கை தாளைப் பிடித்துக்கொள்ளட்டும். பென்சிலின் கூரிலிருந்து சுமார் 3 செ.மீ. மேலே ஒரு ரப்பர் வளையம் மாட்டி, அதற்கு மேலே பிடிக்கச் சொல்லுங்கள். கூர் முனையை ஒட்டிப் பிடித்தால் என்ன எழுதுகிறோம் என்று தெரியாது. மணிக்கட்டு நேராக, எழுதும் வரிக்குக் கீழே இருக்க வேண்டும். மென்மையான 2பி பென்சில் கையில் அப்பும், எச்.பி. பரவாயில்லை. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: பார்த்து எழுதும் ஏடுகளில் மாதிரி எழுத்து இடது ஓரத்தில் அச்சாகியிருக்கும். எழுதத் தொடங்கியதுமே அவள் கை அதை மூடிவிடும். மாதிரியை வரியின் வலது ஓரத்திலும் ஒருமுறை எழுதிக்கொடுங்கள். கத்தரிக்கோல் இடக்கைக்கு உரியதாக வாங்குங்கள். வெறும் பிடி மட்டும் இருகைக்கும் பொதுவானது என்று விற்பது போதாது, அலகுகளே மாறி இருக்க வேண்டும். சாதாரணக் கத்தரியை இடது கையால் அழுத்தினால் அலகுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகும். தாள் வெட்டுப்படாமல் மடியும். அதைப் பார்த்து ‘கை வேலை வரவில்லை’ என்று மதிப்பெண் குறைப்பவர்கள் உண்டு. செருப்பு வார் கட்டுவது போன்றவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டாமல் எதிரே உட்கார்ந்து காட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே செய்வாள்.

எழுத்துகளைத் தலைகீழாக, கண்ணாடி பிம்பமாக எழுதினால் ஏழு வயது வரை கவலை வேண்டாம். வலக்கைக் குழந்தைகளும் செய்வார்கள். அதன் பிறகும் தொடர்ந்தாலோ, ஒரே வேலையின் நடுவில் கையை மாற்றிக்கொண்டே இருந்தாலோ, எழுதும்போது கை வலிக்கிறது என்றாலோ, செயல்முறைச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒருவரிடம் காட்டுங்கள்.

பள்ளியிலும் வீட்டிலும்

எழுத்தை எப்படிச் சொல்லித்தருவது என்பதை ஆசிரியை தீர்மானிக்கலாம். எந்தக் கையால் எழுதுவது என்பது குழந்தையின் உடலைச் சார்ந்தது. மாற்றச் சொன்னால் மறுக்கும் உரிமை பெற்றோராகிய உங்களுக்கு உண்டு. ஆனால் மறுப்போடு நிறுத்தாதீர்கள். வகுப்பில் நாற்பது பேரைப் பார்க்கும் ஒருவரிடம் ‘மாற்றாதீர்கள்’ என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. மூன்று வரியில் எழுதிக்கொடுங்கள்: இவள் இடது கையால் எழுதுவாள், பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் பக்கத்துக் குழந்தையின் முழங்கையோடு மோதாது, தாளைச் சாய்த்து வைக்க அனுமதியுங்கள். அப்படியும் வற்புறுத்தினால் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேவையானால் குழந்தை மருத்துவரின் ஒரு வரிச் சான்றையும் சேருங்கள்.

மாமனாரிடம் வாதம் செய்வதைவிட அவருக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஆங்கிலம் சொல்லித்தந்தவர், சொல்லின் மேல் ஆசை உள்ளவர். அந்த அகராதியில் ‘டெக்ஸ்டர்’, ‘கோஷ்’ (நயமற்ற), ‘அட்ராய்ட்’ (திறமையான) ஆகிய சொற்களின் வேரையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கணவரிடம் பேச அது எதுவும் தேவையில்லை. அவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு உங்களோடு மருத்துவரிடம் வரட்டும். அக்காவைப் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.